வீட்டிலேயே ஒரு கலைவேலை: செலவைக் குறைத்து நேரம் சேர்ப்பது எப்படி

நாவல் எழுத வேண்டும், பாட்டுப் பதிவு செய்ய வேண்டும், ஓவியம் பழக வேண்டும், சின்னதாக ஒரு அசைவூட்டப் படம் (அனிமேஷன்) செய்து பார்க்க வேண்டும் என்று மனதில் ஓர் ஆசை இருக்கும். கூடவே வேலை இருக்கும், வாடகை இருக்கும், தவணை இருக்கும். ‘கொஞ்சம் பணம் சேரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிடும். அப்படி நிற்பவர்களுக்காக எழுதியது இது. சொந்தச் செலவை எந்த வரிசையில் குறைப்பது, குறைத்ததை எப்படி வேலை செய்யும் நேரமாக மாற்றுவது, எதில் கை வைக்கவே கூடாது என்று படிப்படியாகச் சொல்கிறேன். முதலீட்டு ஆலோசனை தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தில் கணக்குப் போடுவார்கள். கலைவேலை செய்ய நினைப்பவர் மணி நேரத்தில் கணக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. சேமிப்புக் கணக்கில் பணம் ஏறிக்கொண்டே போய், எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லை என்றால் நீங்கள் சிக்கனக்காரர் ஆகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை

மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை என்றால் 208 மணி. போக வர நாளுக்கு 2 மணி நேரம் என்றால் இன்னும் 52 மணி. ஆக, வேலைக்கென்று கொடுப்பது 260 மணி நேரம். அந்த வேலைக்குப் போவதாலேயே ஆகும் செலவும் இருக்கிறது: பயணம், வெளியில் சாப்பிடுவது, அலுவலகத்துக்கென்று வாங்கும் உடை, அலுத்துப்போய் வந்த இரவில் ஆர்டர் செய்யும் சாப்பாடு. அதற்கு 10 பங்கு போனால் மிச்சம் 90.

அதாவது 260 மணி நேரத்துக்குக் கையில் நிற்பது 90 பங்கு. இந்தக் கணக்குப்படி மாதம் 9 பங்கு விழுங்கும் ஒரு செலவுக்காக நீங்கள் 26 மணி நேரம் உழைக்கிறீர்கள். வேலை நாள் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். ‘இந்தச் செலவு தேவையா?’ என்று கேட்டால் மனம் எதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும். ‘இதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் கொடுப்பேனா?’ என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும்.

உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதை ஒருமுறை செய்யுங்கள். பத்து நிமிட வேலை. வரும் எண்ணைக் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு பல இடங்களில் பயன்படும்.

வீட்டைப் பார்த்துக்கொண்டு, தனக்கென்று வருமானம் இல்லாமல் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். உங்களிடம் குறைவாக இருப்பது துண்டுபடாத நேரம். வாரத்தில் எந்த வேலைக்குக் கொஞ்சம் செலவழித்தால் முழுதாக இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று பாருங்கள். சில வீடுகளில் கேளிக்கைச் செலவைக் குறைத்து, அந்தப் பணத்தில் வாரம் ஒருநாள் வீட்டு வேலைக்கு உதவி வைத்துக்கொள்வதுதான் சரியான சிக்கனம்.

படி 2: இரண்டு மாதம் எழுதிவையுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

வங்கி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பணம் அனுப்பிய பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுக்கும் காசுக்கு மட்டும் ஒரு சின்ன நோட்டு போதும். ஒரு மாதக் கணக்கு ஏமாற்றும்: ஒரு மருத்துவச் செலவோ ஒரு விசேஷமோ அந்த மாதத்தின் முகத்தையே மாற்றிவிடும். இரண்டு மாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழக்கம் எது, விபத்து எது என்று பிரிந்து தெரியும். இந்த இரண்டு மாதமும் வழக்கம்போலவே செலவழியுங்கள். கணக்கு எழுதுகிறோமே என்று கையை இழுத்துப் பிடித்தால் பொய்க் கணக்குத்தான் மிஞ்சும்.

வருடத்துக்கு ஒருமுறை வருபவற்றை மறக்காமல் சேருங்கள். காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு, வரி இவற்றையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் ஏற்றுங்கள். நன்றாகத் தொடங்கிய பல திட்டங்கள் எட்டாவது ஒன்பதாவது மாதத்தில் கவிழ்வது பெரும்பாலும் இந்த வருடாந்தரச் செலவுகளால்தான்.

படி 3: குறைக்கும் வரிசை

சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். செலவைக் குறைக்கப் புறப்படுகிறவர் வெள்ளத்தில் தொடங்குவதே மேல். தினசரித் தேநீரை நிறுத்துவதற்குத் தினமும் மன உறுதி வேண்டும். வாடகையிலோ தவணையிலோ ஒரு முடிவெடுத்தால் அந்த ஒரு முடிவு மாதாமாதம் தானே வேலை செய்யும். மன உறுதி கலைவேலைக்கு வேண்டிய சரக்கு, அதைத் தேநீர்க் கோப்பையோடு மல்லுக்கட்டித் தீர்க்காதீர்கள்.

தானாகக் கழிந்துகொண்டிருப்பவை முதலில். படத் தளங்கள், பாட்டுச் செயலிகள், இணையச் சேமிப்பக வாடகை, போகாத உடற்பயிற்சிக் கூடம் என்று எல்லாச் சந்தாக்களையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். எது தேவை என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். ஒரு மாதம் போகட்டும், எது இல்லாமல் உண்மையிலேயே கஷ்டப்பட்டீர்களோ அதை மட்டும் திரும்பச் சேருங்கள். சேமிப்பகத்தை மட்டும் நிறுத்துவதற்கு முன் அதில் உள்ள கோப்புகளை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடன். கடன் அட்டையில் மாதம் 3 சதவீத வட்டி என்று எழுதியிருந்தால் சின்ன எண்ணாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்தில் அது ஏறக்குறைய 42.6 சதவீதம். எந்தச் சேமிப்பும் உங்களுக்கு அப்படி ஒரு வட்டியைத் தராது. ஆகவே அட்டைக் கடன் பாக்கி இருக்கும்போது கலைக்கென்று தனியாகப் பணம் சேர்ப்பதில் பொருளில்லை. வட்டி எதில் அதிகமோ அதை முதலில் அடைத்துவிடுங்கள், மற்றவற்றில் கட்டாயத் தொகையை மட்டும் கட்டிவாருங்கள். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை எழுதாமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, பேனாவுக்குக் கடன் தெரியாது.

பிறகு வீடு, வண்டி, பயணம் என்ற மூன்று பெரிய விஷயங்கள். எல்லோராலும் இவற்றில் கை வைக்க முடியாது. ஆனாலும் யோசிக்காமல் தாண்டிவிட வேண்டாம். வேலையிடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் சின்ன வீடு என்றால், வாடகை அதேதான் என்றாலும் பயணத்தில் போகும் மணி நேரம் மிச்சமாகிறது. படி 1-இல் போட்ட கணக்கு இங்கே உதவும்: நாளுக்கு 2 மணி நேரப் பயணம் 40 நிமிடம் ஆனால் மாதம் 34 மணி நேரத்துக்கு மேல் கைக்கு வரும். ஒரு நாவலை ஒரு வருடத்தில் முடிக்க அதைவிடக் குறைந்த நேரம் போதும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தீர்த்துவிடும். அதே யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு 111 மணி நேரம் எரியும், 50 வாட் இழுக்கும் மடிக்கணினி 20 மணி நேரம் ஓடும். சூடாக்குபவையும் குளிரவைப்பவையும்தான் கட்டணத்தை ஏற்றுகின்றன. ராத்திரி நீங்கள் எழுத உட்காரும்போது எரியும் விளக்கைப் பற்றி வீட்டில் யாராவது முணுமுணுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பழக்கச் செலவுகள் கடைசியில். அவற்றிலும் எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். ஒன்றை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை விடுங்கள். தினமும் நண்பர்களோடு வெளியே போய் உட்காருவது உங்களுக்கு உயிர் என்றால் அது இருக்கட்டும், துணி வாங்குவதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் கால்வாசி குறைத்து எதிலும் திருப்தி இல்லாமல் வாழ்கிறவர் மூன்றாவது மாதம் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவார்.

படி 4: குறைத்தது எப்படி இரட்டிப்பாகிறது

இதைப் பொறுமையாகப் படியுங்கள், கட்டுரையின் மையம் இதுதான்.

வருமானம் 100 பங்கு, செலவு 90 என்றால் மாதம் 10 மிஞ்சும். வருடத்தில் 120. மாதம் 90 செலவழிப்பவருக்கு அது ஒரு மாதமும் சில நாட்களும் ஓடும். செலவு 75 என்றால் மாதம் 25, வருடத்தில் 300, அதை வைத்து 4 மாதம் வாழலாம். செலவு 60 என்றால் மாதம் 40, வருடத்தில் 480, அது 8 மாத வாழ்க்கைக்குப் போதும்.

75-லிருந்து 60-க்கு இறங்கியது 15 பங்குதான். கிடைத்த காலமோ இரண்டு மடங்கு. காரணம், செலவு குறையும்போது சேமிப்பும் கூடுகிறது, அந்தச் சேமிப்பு ஒவ்வொரு மாதத்துக்கும் கொடுக்க வேண்டிய தொகையும் குறைகிறது. வருமானம் உயர்ந்தால் இதில் முதலாவது மட்டும்தான் நடக்கும். கலைக்காகக் காலம் வாங்க நினைப்பவருக்குச் சம்பள உயர்வைவிடச் செலவுக் குறைப்பு கைகொடுப்பது இதனால்தான்.

இந்தக் காலத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது வேலையைப் பொறுத்தது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் கூடுதல் ஷிப்டை மறுக்கலாம். பகுதிநேரமாக இரண்டாவது வேலை பார்க்கிறவர் அதை விட்டுவிடலாம். சுயதொழில் செய்பவர் வாரத்தில் ஒருநாள் கடையை அடைக்கலாம், அல்லது பணம் குறைவாகத் தந்து உயிரை வாங்கும் ஒரு வாடிக்கையாளரை மரியாதையாக அனுப்பிவிடலாம். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளமில்லா விடுப்பு, இல்லையென்றால் வேலை மாறும்போது நடுவில் வேண்டுமென்றே விடும் இரண்டு மாத இடைவெளி.

ஒரு நிபந்தனை. முதல் மூன்று மாதச் செலவுக்கான தொகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நோய்க்கும் வேலை போவதற்குமான பணம். குழந்தைகளோ வயதான பெற்றோரோ உங்களை நம்பி இருந்தால் அதை ஆறு மாதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கை வைக்கக் கூடாதவை

உடம்புக்கான செலவு. வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, மருத்துவக் காப்பீடு, கண்ணாடியின் பவர் மாறியிருந்தால் புதுக் கண்ணாடி. மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் முதுகு தாங்கும் ஒரு நாற்காலி. தூக்கத்தைக் குறைத்து நேரம் சேர்ப்பது கந்துவட்டிக்குப் பணம் வாங்குவது மாதிரி, முதல் வாரம் மட்டும் லாபமாகத் தெரியும்.

இன்னொன்று, செய்த வேலையைக் காப்பாற்றும் செலவு. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது கணினித் துறையில் பழகிய விதி. மடிக்கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று. எழுத்துக் கோப்புகளுக்கு இலவசச் சேமிப்பகமே போதும். ஒலி, காணொளி என்றால் கொஞ்சம் செலவாகும், அதைக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: கருவி வாங்கும் ஆசை

சேமித்த பணம் திரும்ப வழிந்தோடும் ஓட்டை இது. வெளிச் செலவையெல்லாம் குறைத்தவர், ‘இது முதலீடுதானே’ என்று சொல்லிக்கொண்டு கருவிகளில் இறக்கிவிடுவார். கருவி வாங்கும்போது வேலை செய்வது போன்ற ஓர் உணர்வு வரும். விமர்சனம் படிப்பது, ஒப்பிடுவது, பெட்டியைப் பிரிப்பது என்று ஒரு மாதம் சுகமாகப் போகும்.

பிரெஞ்சுத் தத்துவவாதி தெனி டிடரோ 1769-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு ஓர் அழகான சிவப்பு அங்கி பரிசாக வந்தது. அதைப் போட்டுக்கொண்டதும் அறையில் இருந்த பழைய நாற்காலியும் மேசையும் கண்ணை உறுத்தின. ஒவ்வொன்றாக மாற்றினார், செலவு ஏறிக்கொண்டே போனது. பழைய அங்கிக்கு நான் எஜமானன், புது அங்கிக்கு நான் அடிமை என்ற அளவுக்குப் புலம்புகிறார். கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் 1988-இல் இதற்கு ‘டிடரோ விளைவு’ என்று பெயர் வைத்தார். நல்ல மைக் வாங்கியவர் அடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), அதற்கேற்ற ஸ்பீக்கர், அதற்கு ஸ்டாண்டு என்று போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் பரிந்துரைக்கும் விதி: கையில் இருக்கும் கருவி ஒரே காரணத்தால் மூன்று முறை வேலையைத் தடுத்தால் மட்டும் அடுத்ததை வாங்குங்கள். ‘இன்று இதனால் நின்றுபோனது’ என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது முறை அதே வரியை எழுதும்போது என்ன வாங்க வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கும். அதற்கும் முன்னால், இரவலாகவோ வாடகைக்கோ கிடைக்குமா என்று பாருங்கள். பழைய பொருள்களில் லென்ஸ், மைக் ஸ்டாண்டு, ஓவியப் பலகையைத் தாங்கும் சட்டம் (ஈசல்), ஹார்மோனியம் போன்றவற்றை நன்றாகப் பார்த்து வாங்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கும் பழைய பேட்டரியும் வேண்டவே வேண்டாம்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் அவசியம் தொடக்கநிலையில் இல்லை. எழுத லிப்ரெஆஃபிஸ், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, வரைய கிரிட்டா, படம் திருத்த கிம்ப், முப்பரிமாண அசைவூட்டத்துக்கு பிளெண்டர். எல்லாமே இலவசம். பிளெண்டரைக் கட்டற்ற மென்பொருளாக (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதாக) வெளியிட 2002-இல் பயனர்களே ஒரு லட்சம் யூரோ திரட்டினார்கள். 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படம் அந்த பிளெண்டரில்தான் செய்யப்பட்டது. ஆகவே ‘இலவச மென்பொருளில் எங்கே தரமாகச் செய்ய முடியும்’ என்ற சாக்கு இனி எடுபடாது.

குரல் பதிவு செய்கிறவர்களுக்கு. பாடுவதோ கதை சொல்வதோ, புதியவர்கள் எல்லோரும் மைக்கைத்தான் குறை சொல்வார்கள். பத்தில் எட்டு இடத்தில் குற்றவாளி அறை. பதிவு செய்யும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘ணிங்’ என்று ஒரு வால் கேட்டால், எவ்வளவு விலையுள்ள மைக் வைத்தாலும் அது பதிவில் வரும். நுண்ணிய ஒலியையும் விடாத கண்டென்சர் வகை மைக், விலை கூடியதானாலும், அதை இன்னும் தெளிவாகப் பிடிக்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் பெட்டியும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். அறை சரியில்லாத வீட்டில், அவ்வளவு நுண்ணுணர்வு இல்லாத டைனமிக் வகை மைக் வாயருகே இருக்கட்டும், அதுவே நல்லது.

துணி அலமாரி இருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான மைக்குகள் முன்பக்கம் மட்டும் கேட்பவை. மைக்கின் முகம் உங்களைப் பார்த்திருப்பதால் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் அது நன்றாகக் கேட்கும். ஆகவே கனமான போர்வையை முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. அந்த இடைவெளி இருந்தால் போர்வை இன்னும் கொஞ்சம் கீழ் ஒலிகளையும் விழுங்கும். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்து நின்று பேசுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண், மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் ‘ப’ சொல்லும்போது காற்று மோதாது. மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவு மென்பொருளில் காட்டும் ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். பேசத் தொடங்குமுன் பத்து நொடி சும்மா இருந்து அமைதியையும் பதிவு செய்யுங்கள், ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்க அந்தத் துண்டுதான் மாதிரியாக உதவும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது பழைய கதை. அது ஒலியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

நீர்வண்ணம் பழகுகிறவர்கள் காசை எங்கே போடுகிறார்கள் என்றால், 48 வண்ணப் பெட்டியில். போட வேண்டிய இடம் தாள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் தண்ணீர் பட்டால் அவ்வளவாகச் சுருளாது, மெல்லிய தாள் அலை அலையாக எழும், வண்ணம் குட்டை கட்டி நிற்கும். அதைப் பார்த்து ‘எனக்கு வரவில்லை’ என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். வண்ணங்கள் ஐந்தாறு இருந்தால் ஏராளம். எண்ணெய் வண்ணத்தில் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் வண்ணத் தொகுதியில் நான்குதான் இருக்கின்றன: வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு. அதில் நீலமே கிடையாது. கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சுற்றிலும் இருக்கும் காவிக்கும் சிவப்புக்கும் நடுவே நீலம்போலத் தோன்றும், கறுப்போடு காவி சேர்ந்தால் மங்கிய பச்சை கிடைக்கும். முகம் வரையப் பழக இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.

எழுத்தாளருக்கு இந்தப் படியில் சொல்ல எதுவும் இல்லை. இருக்கிற கருவி போதும்.

பயிற்சி வகுப்புகளிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். வாங்கிப் போட்டு முடிக்காத வகுப்பு ஒன்று கணக்கில் இருக்கும்போது அடுத்ததை வாங்காதீர்கள். படிக்க நூலகம் இருக்கிறது. காப்புரிமை முடிந்த நூல்களுக்கு 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகமும், மேற்கத்திய இசைக்குறிப்புகளுக்கு ஐஎம்எஸ்எல்பி தளமும் இலவசம்.

படி 7: கிடைத்த நேரத்துக்கு ஒரு முகவரி

சேர்த்த நேரத்தைச் சும்மா விட்டால் கைப்பேசி தின்றுவிடும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த நாற்காலியில் என்று முடிவு செய்யுங்கள். நேரம் குறைவாக இருக்கலாம், மாறக் கூடாது. நாளுக்கு 500 சொல், வாரத்துக்கு 5 நாள் என்றால் 60,000 சொல் நாவலின் முதல் வரைவு 24 வாரத்தில் முடியும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். காலை 5.30 மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதுவார். அதன் பிறகுதான் அலுவலகம். எனக்குப் பிடித்த விவரம் வேறு. தன்னை அந்த நேரத்துக்கு எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்றே வயதான ஒரு குதிரைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்தார். சிக்கனம் பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்து, காசு கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு அந்த 5 பவுண்டு எது என்று யோசியுங்கள். ஒருவருக்கு அது காதை அடைக்கும் ஹெட்ஃபோனாக இருக்கும், இன்னொருவருக்குப் பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருக்கும்.

தனி அறை இல்லாதவர்கள் தனி மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, பொருள்களை எடுத்து அடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போக முடிய வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்ணம், பலகை, துணி என்று பரப்பி மறுபடி எடுத்துவைப்பதற்கே அரை மணி நேரம் போனால், அலுப்பான நாளில் தொடங்கவே மாட்டீர்கள். மூலைகூட இல்லை என்றால் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி, தட்டோடு தூக்கிவைக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள்.

படி 8: வீட்டில் பேசுவது

கூட இருப்பவர்களுக்குச் சொல்லாமல் செலவைக் குறைத்தால் அது ‘கஞ்சத்தனம்’ என்ற பெயரில் திரும்பி வரும். பேச்சைப் பணத்தில் தொடங்காதீர்கள். ‘ஞாயித்துக்கிழமை காலைல எட்டுலேருந்து பத்து வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, ஆறு மாசத்துக்கு மட்டும்’ என்று நேரத்தையும் கால எல்லையையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் சரி என்பார்கள். முதலில் வெட்டுவது உங்கள் சொந்தச் செலவாக இருக்கட்டும். உங்கள் நாவலுக்காகப் பிள்ளையின் சுற்றுலாவை ரத்து செய்தால் அந்த நாவலை வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். இருவரும் சம்பாதிக்கும் வீட்டில், ஆளுக்கு ஒரு சின்னத் தொகையைக் கேள்வி கேட்காத பணமாக ஒதுக்கிவிடுங்கள். பாதிச் சண்டை அதில் அடங்கிவிடும்.

படி 9: வேலையை விடலாமா?

அவசரப்படாதீர்கள் என்பதே என் பதில். விடுவதற்கு முன் மாற்றிப் பார்க்கலாம். ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்கா முதலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் காலையிலிருந்து மாலை வரை வேலை பார்த்தார், எழுத நேரமே கிடைக்கவில்லை. 1908-இல் பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே பிற்பகல் 2 மணிக்கு வேலை முடிந்துவிடும். வேலை தேடும்போது சம்பளத்தோடு ‘எத்தனை மணிக்கு விடுவார்கள், விட்ட பிறகு மனதில் ஒட்டிக்கொண்டு வருமா’ என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயர் வந்ததும் பணம் வரும் என்ற கணக்கும் வேண்டாம். இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் இசைநாடகம் 1976-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் நிறைந்த கூட்டத்தோடு நடந்தது. அதற்குப் பிறகும் அவர் டாக்ஸி ஓட்டினார். இசையை மட்டும் நம்பி வாழ முடிந்தபோது அவருக்கு வயது 41.

முழுதாக விட்டே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் மூன்று மாதம் ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்ததும் விட்ட பிறகு எவ்வளவில் வாழப்போகிறீர்களோ அவ்வளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மீதியைத் தொடாத கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று மாதமும் அந்தக் கணக்கிலிருந்து எடுக்காமல் ஓட்ட முடிந்தால் திட்டம் உறுதியானது. இரண்டாவது மாதமே எடுக்க நேர்ந்தால், எதற்காக எடுத்தீர்கள் என்பதை எழுதிவைத்துக்கொண்டு படி 2-க்குத் திரும்புங்கள்.

படி 10: மூன்று மாதத்துக்கு ஒருமுறை

ஒரு தாளில் இரண்டே எண்கள் எழுதுங்கள்: இந்த மூன்று மாதத்தில் எவ்வளவு மிச்சமானது, எவ்வளவு வேலை முடிந்தது. வேலை என்றால் முடிந்த அத்தியாயம், முடிந்த பாட்டு, முடிந்த படம். மிச்சம் கூடி வேலை கூடவில்லை என்றால் குறைப்பதை நிறுத்திவிட்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள், பிரச்சினை படி 7-இல் இருக்கிறது. வேலை கூடி மிச்சம் குறைந்தால் கருவிப் பட்டியலைப் பாருங்கள். இரண்டுமே இல்லை என்றால் வெட்டியது அளவுக்கு மீறிப் போயிருக்கலாம். நிறுத்திய இன்பம் ஏதாவது ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து அடுத்த மூன்று மாதம் பாருங்கள்.

கலையிலிருந்து முதல் வருமானம் வந்தால், எவ்வளவு சின்னத் தொகையானாலும், அதற்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். இனி வாங்கும் தாளும் வண்ணமும் கேபிளும் அந்தக் கணக்கிலிருந்து மட்டும் போகட்டும், அதில் பணம் இல்லாத மாதம் எதையும் வாங்காதீர்கள். வரிக் கணக்கு எழுதும்போதும் அந்த ஒரு கணக்கைக் காட்டினால் வேலை முடிந்தது.